பின்சந்து வழியாக அசிசி

1990ஆம் ஆண்டு தவக்காலத்தின் இரண்டாம் வாரத்திலிருந்து ரெபேக்கா அசிசிக்குப் போய்வரத் தொடங்கினாள். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை, விமானச் சீட்டும் இல்லை. ரங்கூன் கியாக்டடாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கும் அடுத்த தெருக் கட்டடங்களின் முதுகுக்கும் நடுவே ஒரு பின்சந்து உண்டு. எல்லா மாடிச் சமையலறைகளிலிருந்தும் மீன் செதிலும் வெங்காயச் சருகும் பிளாஸ்டிக் பைகளும் விழுந்து குவிகிற இடம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குடையை எடுத்துக்கொண்டு அதற்குள் நுழைவாள். கொஞ்ச தூரம் போனதும் தரை ஏறத் தொடங்கும். சாக்கடை நின்றுவிடும், காலடியில் இளஞ்சிவப்புக் கல் பாவிய பாதை வரும், பிறகு ஒரு வளைவு வாசல், அதற்குப் பின்னால் இத்தாலி தேசத்து மலைநகரம். பொழுது சாயும் நேரத்தில் திரும்பிவிடுவாள். அந்த வருடம் சமையல் எண்ணெய் விலை ஏறியிருந்தது, மின்சாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. தெருக்காரர்கள் அவற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை.

ரெபேக்கா ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் தன்லியின்காரி. அங்கே மிஷன் பள்ளியில் அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த இத்தாலியச் சாமியார் அசிசியில் பிறந்தவர். பத்துக் கட்டளைகளை நடத்திக்கொண்டிருப்பார். திடீரென்று, தன் ஊரில் இப்போது அத்திப்பழம் பழுத்திருக்கும் என்பார். அன்றைக்குக் கட்டளைகள் அதோடு சரி. எந்தத் தெரு எங்கே திரும்பும், எந்த ஊற்றின் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும், புனித பிரான்சிசின் கல்லறைக்கு இறங்க எந்தப் பக்கம் படி என்பதெல்லாம் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப் படகுத்துறையைப் போலத் தெரியும். வெளிநாட்டுச் சாமியார்களை அரசாங்கம் திருப்பி அனுப்பிய வருடம் அவரும் கப்பலேறினார். போய்ச்சேர்ந்ததாக ஒரு தகவலும் வரவில்லை.

அவளுடைய கணவர் ஆரோக்கியநாதன் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக நடந்தே வேலைக்குப் போவார், நடந்தே வருவார், யாருடனும் சண்டை கிடையாது. பிள்ளை ஒன்றே ஒன்று, ஆண்ட்ரூ. 1988இல் அவன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அந்த ஆகஸ்டில் ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கி நின்றது, அவனும் நின்றான். செப்டம்பரில் ராணுவம் தெருவுக்கு வந்தது. சூலே பகோடா பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட சாயங்காலம், அவன் கட்டடத்தின் பின்பக்கமாக ஓடியதை இரண்டாம் மாடியில் குடியிருந்த கரீமா தன் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தாள். அதன்பிறகு எவரும் பார்க்கவில்லை. எல்லைக் காட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள், பிடிபட்டுவிட்டான் என்றார்கள், வேறொன்றும் சொன்னார்கள். அந்த மூன்றாவதை மட்டும் ரெபேக்காவின் காதுபட எவரும் சொல்லவில்லை.

மறுவருடம் கோடையில் ஆரோக்கியநாதனின் மேலதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தேநீரைப் பார்த்ததுமே விஷயம் பெரியது என்று ஆரோக்கியநாதனுக்குப் புரிந்தது. மேலே கேள்வி கேட்கிறார்கள் என்றார் அதிகாரி. மற்ற தகப்பன்மார்கள் செய்வதை நீங்களும் செய்துவிட்டால் என் கை சுத்தம், உங்கள் வேலையும் பத்திரம் என்றார். அந்த நாட்களில் பத்திரிகையின் உள்பக்கத்தில் அப்படிப்பட்ட அறிவிப்புகள் தினமும் வந்தன. தொலைந்துபோன அடையாள அட்டைகளுக்கும் நன்றி நவிலல்களுக்கும் நடுவே தகப்பன்மார் பிள்ளைகளைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியநாதனின் அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பெற்றோர் சொல்லை மீறி நடந்த ஆண்ட்ரூ இன்றுமுதல் எங்கள் மகன் அல்ல, அவன் செயல் எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. ரெபேக்கா அதை நின்றபடியே படித்தாள். "எங்கள்னு போட்டிருக்கீங்களே. என்னைய யார் கேட்டா?" என்றாள். கல்யாணமாகி ஆண்ட்ரூ பிறந்த நாளிலிருந்து அவள் அவரை 'ஆண்ட்ரூ அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து அந்த அழைப்பு நின்றது. 'இங்க பாருங்க' என்பதே அவர் பெயராயிற்று.

அவள் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். பிள்ளை உயிரோடிருந்தால் அசிசிக்கு வந்து கல்லறைமுன் முழந்தாளிடுகிறேன் என்று புனித பிரான்சிசுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று தெரியாதபோதே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள், அது அவள் சுபாவம். மனுவை வாங்கியவர் மகனின் பெயரைக் கேட்டார். மகன் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். அவள் ஆண்ட்ரூ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த தவக்காலத்தில், வெயிலுக்குக் குடை பிடித்து, வாழைத்தோலைப் போடப் பின்சந்துக்குப் போனவள், தரை ஏறுவதைக் கண்டாள்.

முதல் நாள் திரும்பி வந்தபோது அவள் செருப்பில் வெள்ளைச் சேறு இருந்தது. குடையை விரித்துக் காயவைத்தாள். ரங்கூனில் மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "ஊரு பாத்தேன். சாமியார் சொன்னதுல ஒரு சந்துகூடத் தப்பில்ல" என்றாள். ஆரோக்கியநாதன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. நாலைந்து நாள் கழித்து அவள் வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் அங்கதான் இருக்கான். மெலிஞ்சுபோயிருக்கான்" என்றாள்.

ஆண்ட்ரூ சொன்னது இதுதான். சிப்பாய்கள் துரத்தியபோது பின்சந்துக்குள் ஓடினான். எதிரே சுவர் வரும் என்று தெரிந்தே ஓடினான். சுவர் வரவில்லை, ஏற்றம் வந்தது. மூச்சு முட்டும்வரை ஏறினான், ஒரு கோயில் மணி அடித்தபோதுதான் நின்றான். பழுப்பு அங்கி போட்ட சகோதரர் ஒருவர் அவனுக்கு ரொட்டி கொடுத்தார். மறுநாள் வீட்டுக்குத் திரும்பலாம் என்று இறங்கினான். வந்த வழியிலேயே இறங்கியும் ஒலிவ மரங்களுக்கு நடுவேதான் போய்ச்சேர்ந்தான், அதற்குக் கீழே சமவெளியும் வேறொரு கோயிலும் இருந்தன. எத்தனையோ முறை இறங்கிப் பார்த்தான். எப்போதும் ஒலிவத் தோப்புதான். பிறகு சகோதரர்களிடம் கல்வேலை கற்றுக்கொண்டு பழைய சுவர்களைப் பூசும் வேலையில் சேர்ந்தான்.

ஆரோக்கியநாதன் அடுத்த ஞாயிறு காலையில், பூசைக்குப் போட்ட சட்டையோடு, பின்சந்துக்குள் போனார். தரை ஏறவில்லை. கடைசியில் பாசி பிடித்த செங்கல் சுவர் இருந்தது, சுவரோரம் ஒரு பெருச்சாளி இருந்தது. மறுநாள் ரெபேக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே போனார். அவள் பேசிக்கொண்டே நடந்தாள். பேச்சு நடுவில் அறுந்தது. பார்த்தால் அவர் கையில் கை இல்லை, முகத்துக்கு நேரே சுவர். சாயங்காலம் அவள் வந்து, "பின்னாலயே வர்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக உறைத்தது.

சந்து ரெபேக்காவுக்கு மட்டும் வழிவிட்டிருந்தால் பெண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் நம்பி ஆறுதல் அடைந்திருப்பார். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அது வழிவிட்டது. முதலில் கரீமா போனாள். திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல ஊருண்ணே. சன்னலுக்குச் சன்னல் செவப்புப் பூவு. ஏத்தந்தான் ஆள விடாது. ரொட்டியில ஒரு கல்லு உப்புப் போடமாட்றாங்க, அத எப்பிடித்தான் திங்கிறாங்களோ. ஆண்ட்ரூக்கு நாலு வடை கட்டிக் குடுத்துட்டு வந்தேன்." அவள் கணவர் முத்து முகம்மது போனார்; கடைத்தெருச் சதுக்கத்தில் பழங்காலத்து ரோமர் கோயிலொன்று பெருந்தூண்களோடு மாதா கோயிலாக நிற்பதைப் பார்த்து, கட்டடக்காரன் என்றால் இவன் கட்டடக்காரன் என்று வியந்தார். கீழ்த்தளத்தில் குடியிருந்த பர்மிய பௌத்தப் பெண் டோ சீ ஒரு கொத்து மல்லிகை கொண்டுபோய்க் கல்லறைமுன் வைத்து, தனக்குத் தெரிந்த பாலி சுலோகத்தைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். பறவைகளுக்குப் போதித்த துறவி என்றால் நமக்கும் வேண்டியவர்தானே என்றாள். தைப்பொங்கல் சமயத்தில் அங்கே பனி கொட்டியது. தெருப் பிள்ளைகள் கிண்ணத்தில் பனி அள்ளி வந்து சர்க்கரைப் பாகு ஊற்றித் தின்றார்கள். ஆரோக்கியநாதனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கரைந்து தண்ணீராயிற்று, அதைக் குடித்தார்.

ஏன் அவருக்கு மட்டும் சுவர் என்பதைப் பற்றித் தெருவில் பேச்சு இருந்தது. செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை எல்லோரும் படித்திருந்ததால் பேச்சு நீளவில்லை. 1991இல் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து ஆண்ட்ரூவைப் பற்றி விசாரித்தார்கள். ஆரோக்கியநாதன் அவர்களை உட்காரவைத்து, தன் வாயாலேயே, அப்படி ஒரு மகன் எனக்கு இல்லை, பத்திரிகையிலும் போட்டிருக்கிறேன் என்றார். ரெபேக்கா அப்போது அடுப்படியில் உலர்ந்த இறாலும் மிளகாயும் போட்டுப் பலாச்சாங் வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. வந்தவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்சந்துக்குள்ளும் போனார்கள், சுவர்வரை போய், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியநாதனுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. இத்தனை பேரில் அந்தச் சந்து சுவரைக் காட்டியது அவர்கள் இருவருக்கும் தனக்கும் மட்டும்தான். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார்.

வருடங்கள் இப்படிப் போயின. அவருக்குப் பதவி உயர்வு வந்தது, மேசைக்கு மின்விசிறி வந்தது. ரெபேக்கா மத்தியானந்தோறும் தூக்குச் சட்டியில் மீன்குழம்பும் பலாச்சாங்கும் கொண்டுபோனாள். பலாச்சாங் நாற்றத்தைப் பற்றி முதலில் முகம் சுளித்த சகோதரர்கள் பின்னால் தங்களுக்கும் கொஞ்சம் கேட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அங்கே கண்டதையெல்லாம் சொல்வாள், அவர் தட்டைப் பார்த்தபடி கேட்பார். ஒருநாள் சொன்னாள்: "அங்க ஒரு கோயில் இருக்கு. பிரான்சிசோட வீடு இருந்த எடமாம். அவுக அப்பா துணி யாவாரி. மவன் கோயிலு, ஏழைன்னு சுத்துறான்னு அவனப் பிடிச்சு அடைச்சு வெச்ச அறைய இன்னும் வெச்சிருக்காங்க. அப்புறம் பிஷப்பு முன்னாலயே, நீ என் மவனில்லன்னுட்டாரு. போட்டிருந்த துணியக் கழட்டிக் குடுத்துட்டு மவன் போயிட்டான்." ஆரோக்கியநாதன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "அந்த அப்பா அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டார். "அது யாருக்கும் தெரியாதாம். எழுதி வெக்கல" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

1997 செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் பின்சந்திலிருந்து புழுதி மேகம்போல் வந்து நாலாம் மாடிவரை ஏறியது. ரெபேக்கா தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வந்தாள். நிலம் அசைந்தது, பெரிய கோயிலின் மேற்கூரை இடிந்து விழுந்துவிட்டது, சித்திரமெல்லாம் தூளாகிக் கிடக்கிறது, ஆள் சேதம் உண்டு, ஆண்ட்ரூ பிழைத்தான் என்றாள். அந்த வாரம் தெருவே மேலே போனது. முத்து முகம்மது மண்வெட்டியோடு போனார்; டோ சீ போர்வைகள் கொண்டுபோனாள். விழுந்த கூரையின் வர்ணத் துணுக்குகளைப் பிள்ளைகள் சல்லடையில் சலித்துத் தட்டுகளில் பரப்பினார்கள். எது வானத்தின் நீலம், எது அங்கியின் நீலம் என்று ஆண்ட்ரூ பிரித்தான். ஆரோக்கியநாதன் விடுப்புப் போட்டுவிட்டு, தேநீர் பிளாஸ்கோடு சந்தின் வாயில் நின்றார். போகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள், காலியானதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர் மாடியேறி நிரப்பிக்கொண்டு வருவார். யார் கொடுத்தனுப்பியது என்று ஆண்ட்ரூ ஒருமுறை கேட்டானாம். உங்கப்பா என்று கரீமா சொன்னாளாம். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டானாம். பிறகு எடுத்துக் குடித்தானாம். கரீமா இரண்டையும் மறைக்காமல் அவரிடம் சொன்னாள்.

ஓய்வு பெற்றபின் அவர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். ரங்கூன் பெரிய கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். குருவானவர் பாவமன்னிப்புத் தந்தார், கைநிறையச் செபமாலைகள் தந்தார். அத்தனையையும் சொல்லி முடித்துவிட்டுச் சந்துக்குள் போனார், சுவர் இருந்தது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், என் மகன் என் மகன்தான் என்று ஓர் அறிவிப்புப் போடவேண்டும் என்றார். அங்கிருந்த பெண் நல்லவள். மாமா, உறவை அறுக்கிற அறிவிப்புக்குப் பத்தி இருக்கிறது, மரணத்துக்கு இருக்கிறது, தொலைந்த பொருளுக்கு இருக்கிறது, இதற்கு எங்களிடம் பத்தி இல்லையே என்றாள். தொலைந்த பொருளில் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்று வந்துவிட்டார். வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. இந்த வருடங்களில் எந்த இடத்திலும், வீட்டுக்குள்கூட, அவர் ஆண்ட்ரூ என்ற பெயரை உரக்கச் சொல்லியதில்லை. 'அவன்' என்பார், 'அங்க' என்பார். சுவருக்கும் காது உண்டென்று நினைத்துப் பழகிய வாய்.

2008 மே மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம், ரெபேக்கா வழக்கம்போல் போனாள். சாயங்காலம் காற்று வலுத்ததால் அங்கேயே தங்கிவிட்டாள் போலும், வரவில்லை. அன்று ராத்திரி வந்த புயலை ரங்கூனில் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடிந்தபோது நூறு வயது மரங்கள் தெருவில் வேரோடு படுத்திருந்தன, ஊரில் பாதிக் கூரைகள் பக்கத்து ஊரில் கிடந்தன. பின்சந்து வாய்வரை அடைந்துபோயிருந்தது: தகரத் தகடுகள், உடைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு முழு மாமரம், அவற்றுக்கு அடியில் இத்தனை வருடக் குப்பை. அந்தப் பக்கம் ரெபேக்கா, இந்தப் பக்கம் ஆரோக்கியநாதன். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு மெழுகுவர்த்தி முந்தின நாள் விலையைப்போல் ஐந்து மடங்கு விற்றது. அவரவருக்கு அவரவர் பாடு. எழுபதைத் தொட்ட ஆரோக்கியநாதன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தகரங்களை இழுக்கத் தொடங்கினார்.

முதல் நாள் மாலைக்குள் அவர் கை இரண்டும் கிழிந்திருந்தன, குவியல் அப்படியே இருந்தது. மறுநாள் காலை, ரெபேக்காவின் ரத்த அழுத்த மாத்திரை அங்கே இருக்குமா என்ற எண்ணம் வந்தபோது, அவருக்குப் பயமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குவியலின்மேல் ஏறி நின்றார். முன்தெருவில் சிப்பாய்கள் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள், வட்டாரத் தலைவர் ஊ சான் லிவின் அவர்களோடு நின்றிருந்தார்.

"ஆண்ட்ரூ!" என்று கத்தினார் ஆரோக்கியநாதன். அந்தப் பெயருக்கு அவர் குரல் பழக்கமில்லாமல் உடைந்தது. மறுபடியும் கத்தினார். "ஆண்ட்ரூ! அப்பா கூப்பிடுறேன்டா! ஆரோக்கியநாதன் மவனே, ஆண்ட்ரூ!"

அறுத்துக்கொண்டிருந்த ரம்பம் நின்றது. சன்னல்கள் திறந்தன. ஊ சான் லிவின் சந்தின் வாய்க்கு வந்து நிமிர்ந்து பார்த்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் ஊ நாதன் என்று மரியாதையாகவே பர்மியத்தில் கேட்டார். என் மகனை என்றார் இவர். உங்களுக்குத்தான் மகன் இல்லையே, எங்களிடம் அப்படித்தானே இருக்கிறது என்றார் அவர். "இருக்கான்" என்று ஆரோக்கியநாதன் முதலில் தமிழிலும் அப்புறம் பர்மியத்திலும் சொன்னார். வட்டாரத் தலைவர் சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், ரத்தம் காய்ந்த அந்தக் கைகளைப் பார்த்தார். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், தகரம் அறுக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அப்போது குவியலின் மறுபக்கம் தகரம் நகரும் சத்தம் கேட்டது. இவர் இழுத்தார், அந்தப் பக்கமும் யாரோ இழுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பக்கமும் வேலை நடந்தது. மாமரத்தின் கிளைகளுக்கு நடுவே முதலில் ஒரு கை தெரிந்தது, சுண்ணாம்பு ஏறிய கை. பிறகு முகம். காதோரம் நரைத்திருந்தது. இருபது வயதில் ஓடிப்போன பிள்ளைக்கு நரை வந்திருக்கும் என்று ஆரோக்கியநாதன் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

"நீங்களா கூப்பிட்டீங்க?" என்றான் ஆண்ட்ரூ.

"நாந்தான்."

"தெருவுல நின்னா?"

"தெருவுலதான். எல்லாருக்கும் கேட்டுச்சு."

ஆண்ட்ரூ ஒரு கிளையை ஒடித்துப் பின்னால் போட்டான். "அந்தப் பேப்பர் இங்கயும் வந்துச்சுப்பா. கரீமா மாமி வடை கட்டிக் கொண்டாந்த தாள்ல. பாவம், அது அவுகளுக்குத் தெரியாது. நான் அம்மாட்டகூடச் சொல்லல."

"அது என் கையெழுத்துதான்."

"ஏம்ப்பா?"

இந்தக் கேள்விக்கு அவர் பத்தொன்பது வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தார். அதில் வேலை இருந்தது, வாடகை இருந்தது, ரெபேக்காவின் வைத்தியச் செலவு இருந்தது, அந்தக் காலம் இருந்தது. வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை. "பயந்துட்டேன்டா" என்றார்.

ஆண்ட்ரூ குனிந்து ஒரு நீளத் தகரத்தைப் பிடித்தான். "அந்த நுனியத் தூக்குங்க, நான் இழுக்குறேன்" என்றான். தூக்கினார். தகரம் வழுக்கிக்கொண்டு போனது, அவர் காலும் லேசாக வழுக்கியது. குனிந்து பார்த்தார். அவர் நின்ற தரை சாய்ந்திருந்தது, குப்பைக்கு அடியில் கல்பாவிய பாதை ஈரமாக மினுங்கியது, மேலே வளைவு வாசல், அதன் கீழே ரெபேக்கா குடையோடு நின்றிருந்தாள்.

"இப்பிடியா கத்துவீங்க? மேல பூசை நடந்துட்டிருக்கு" என்றாள் அவள். பிறகு, "வீட்டுல கூரை இருக்கா?" என்று கேட்டாள்.

"பாதி இருக்கு."

"ஏறி வாங்க. கல்லு வழுக்கும், பாத்து" என்றான் ஆண்ட்ரூ. சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அவருக்காக நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுக்குச் செருப்பு வார் ஏதோ தொந்தரவு கொடுத்தது.

ஆரோக்கியநாதன் அன்று கல்லறைக்குப் போனார், ரெபேக்காவின் நேர்ச்சை எப்போதோ நிறைவேறியிருந்ததால் அவர் தன் பங்குக்குத் தனியாக முழந்தாளிட்டார். ஒட்டுப்போட்ட மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளையாக விடப்பட்ட இடங்களைப் பார்த்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார். கண்டுபிடிக்க முடியாமல்போன துணுக்குகள் என்றான் ஆண்ட்ரூ. தகப்பன் மகனை அடைத்துவைத்த அந்த அறையையும் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிப்போனார்கள். அது மாடிப்படிக்கு அடியில் சந்தனம் அரைக்கிற கல் வைக்குமளவு இடம். அவர் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டார்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு நடுவில் ஆண்ட்ரூ எழுந்து வெளியே போய்விடுவான், அவர்கள் திரும்பும்வரை வரமாட்டான். ஆரோக்கியநாதன் அவன் அறையிலேயே உட்கார்ந்திருப்பார், அவனுடைய கல்லுளிகளை வரிசையாக அடுக்கிவைப்பார். சில ஞாயிறுகளில் இருவரும் ஒலிவத் தோப்பில் ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போவதைக் கரீமா பார்த்திருக்கிறாள். 'ஆண்ட்ரூ அப்பா' என்ற அந்தப் பழைய அழைப்பை ரெபேக்கா திரும்ப எடுக்கவில்லை. ஆண்ட்ரூ கல்பாவிய பாதை முடியும் இடத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. முடியவில்லையா, மனமில்லையா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

2010இல், தேர்தல் வருகிறதென்று ஊரெல்லாம் சாலைக்குத் தார் போட்டார்கள். பின்சந்துகளுக்குச் சிமெண்டு போடும் வேலை கியாக்டடாவுக்கும் வந்தது. மேற்பார்வையாளர் இளைஞர், மிங்கலாடோன் பக்கத்து ஆள், அளவு நாடாவோடு சந்துக்குள் போய்விட்டு வியர்த்து வழிந்து திரும்பினார். இவ்வளவு ஏற்றத்தில் வெறும் சிமெண்டு நிற்காது, படி கட்டவேண்டும் என்றார். படியும் இளஞ்சிவப்புக் கல் தொடங்கும் இடம்வரைக்கும்தான், அதற்கு மேல் வேறு நகராட்சி, தாங்கள் கைவைக்க முடியாது என்றார். தெருக்காரர்கள் அது நியாயந்தான் என்றார்கள். இந்த வழி எங்கே போகிறது, காகிதத்தில் எழுதவேண்டும் என்று அவர் கேட்டபோது, வட்டாரத் தலைவர் உட்பட எல்லோரும் ஆரோக்கியநாதனைப் பார்த்தார்கள்.

"என் மகன் ஆண்ட்ரூ வீட்டுக்கு" என்றார் அவர்.

மேற்பார்வையாளர் அப்படியே எழுதிக்கொண்டார். வயதானவர்கள் ஏறுகிற வழியாயிற்றே, கைப்பிடி இடப்பக்கம் வைக்கட்டுமா வலப்பக்கம் வைக்கட்டுமா என்று கேட்டார்.